காய்ச்சலுக்குப் பெயர் வைக்க ஆகும் செலவு

2001-ன் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் ஒரு காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் போலத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பக்கம் வழக்கமாகப் பார்க்கும் எதற்கும் பொருந்தவில்லை. 66 பேருக்கு வந்தது, நாலில் மூன்று பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது ஒட்டியதே ஆஸ்பத்திரியில்தான். அங்கே வேலை பார்த்தவர்கள், நோயாளியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர்கள். அது நிபா வைரஸ் என்பது எடுத்துவைத்திருந்த மாதிரிகளைப் பிற்பாடு சோதித்தபோதுதான் தெரிந்தது. அந்த ஆய்வு அச்சில் வந்தபோது 2006 ஆகியிருந்தது.

2018 மே மாதம், கோழிக்கோட்டில் அதே நிபா. மே 5-ஆம் தேதி ஒருவர் இறந்தார், என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்குள் அதே வீட்டில் மேலும் ஆட்கள் படுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்த தனியார் மருத்துவமனை டாக்டர்களுக்கு, ஒரே குடும்பத்தில் இப்படி அடுத்தடுத்து வருவது உறுத்தியது. மாதிரியைக் கர்நாடகத்தின் மணிப்பாலில் இருக்கும் வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஓரிரு நாளில் பதில் வந்தது. மே 20-ல் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனமும் உறுதி செய்தது. 17 பேரைப் பறிகொடுத்தோம், அவர்களில் ஒருவர் நர்ஸ் லினி. பெரும்பாலானவர்களுக்கு நோய் ஒட்டியது, பெயர் தெரியாமல் இருந்த அந்த முதல் சில நாட்களில்தான். பெயர் தெரிந்த பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள், ஜூன் மாதத்துக்குள் அடங்கியது. அடுத்த வருடம் எர்ணாகுளத்தில் ஒரு இளைஞருக்கு வந்தது. அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவுமில்லை.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே வைரஸ் சாதுவாகிவிடவில்லை. மருந்தும் வந்துவிடவில்லை, நிபாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்றுவரை கிடையாது. கோழிக்கோட்டுக்குக் கிடைத்தது நேரம். அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மணிப்பாலில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சாதாரணமான வேலையில் போய் நிற்கும். பல மாநிலங்களில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேருகிறவர்களின் ரத்தத்தை வாங்கி, இது டெங்குவா, எலிக்காய்ச்சலா, ஸ்க்ரப் டைஃபஸா, வேறு எதுவுமா என்று நாள் தவறாமல் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நாளிதழில் வருகிற வேலை இல்லை அது. கேரளத்தில் அதுவரை நிபா வந்ததே கிடையாது, இருந்தும் சோதிக்கத் தெரிந்த ஆட்கள் தயாராக இருந்தார்கள். அந்தக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.

எனக்கு நெஞ்சை அடைப்பது அந்தக் கடைசி வாக்கியம்தான். நம் ஊர்க் காய்ச்சலுக்குப் பெயர் வைக்க இன்னொரு நாட்டு மக்களின் வரிப்பணம். அது கெட்ட பணம் என்று சொல்லவில்லை, உயிர்களைக் காப்பாற்றிய பணம். ஆனால் அடுத்தவர் கையிலிருக்கும் குழாயை அவர் எப்போது வேண்டுமானாலும் மூடலாம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததையும், அந்த ஜூலைக்குள் யு.எஸ்.எய்டு என்ற அமைப்பே இல்லாமல் போனதையும் பார்த்தோம். எத்தனையோ நாடுகளில் ஆய்வக ஊழியர்கள் ஒரு மின்னஞ்சலோடு வீட்டுக்குப் போனார்கள்.

நானும் புராஜெக்ட் வேலை பார்த்தவள்தான். ஒரு மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வகத்தில், காண்ட்ராக்டில். பதினோரு மாதத்துக்கு ஆர்டர் தருவார்கள், ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி பதினோரு மாதம். புது நிதியாண்டின் பணம் வர ஆடி, ஆவணி ஆகிவிடும், அதுவரை சம்பளம் நிற்கும். இதை என் கஷ்டமாகச் சொல்லவில்லை. ஆய்வகத்துக்கு என்ன ஆகிறது என்று சொல்ல வருகிறேன்.

ரத்தத்தில் நோய்க்கிருமியின் தடயத்தைத் தேடுகிற சோதனைக்குப் பெயர் எலைசா. அதற்கான தட்டைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழி. எட்டெட்டுக் குழியாக பன்னிரண்டு ஸ்ட்ரிப், தனித்தனியாகக் கழற்றலாம். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் நோயாளிகளின் ரத்தத்தோடு, சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க சில குழிகளில் கண்ட்ரோல் போட்டாக வேண்டும். இன்றைக்கு நாலே சாம்பிள் வந்திருக்கிறது என்றால், நாலு சாம்பிளுக்காகவும் அதே கண்ட்ரோல் செலவாகும். கையில் இருப்பது ஒரு கிட், அடுத்த கிட் டெண்டரில் இருக்கிறது. அப்போது என்ன செய்வோம்? சேரட்டும் என்று வைப்போம். இருபது, முப்பது சேர்ந்ததும் ஓட்டுவோம். அதற்குள் நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம். நான் ரிசல்ட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அந்த நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது போயே போயிருப்பார். அந்த முடிவு அவருக்கு உதவாது, அவர் தெருவுக்கும் உதவாது. வருடக் கணக்கில் மட்டும் ஏறும். அது கண்டுபிடிப்பு ஆகாது, பதிவேடு.

இதே ஆய்வகத்துக்குக் கோவிட் சமயத்தில் பெட்டி பெட்டியாக இயந்திரங்கள் வந்தன. சந்தோஷமாகத்தான் இருந்தது. கோவிட் தணிந்ததும் சோதனைக்கு வேண்டிய ரசாயனங்கள் வாங்க ஒதுக்கீடு இல்லை, பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, பழகிய பையன்கள் ஒவ்வொருவராக மருந்து கம்பெனிக்கும் தனியார் லேபுக்கும் போய்விட்டார்கள். கொட்டகை போட மானியம் உண்டு, மாட்டுக்குத் தீவனம் கேட்டால் திட்டத்தில் இல்லை என்பார்களே, அதுதான் நடந்தது.

சரி, ஆகாத கதை மட்டும் பேச வரவில்லை. நம் வேலூரிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள், அதுவும் அஞ்சல் அட்டையில்.

அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். 1980களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) வைராலஜிப் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மாவட்டம் முழுக்க, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதமில்லாமல், அச்சடித்த அட்டைகளைக் கொடுத்துவைத்தார்கள். காலரா, தட்டம்மை, போலியோ, மூளைக்காய்ச்சல், வெறிநாய்க்கடி என்று குறிப்பிட்ட நோய்களில் ஒன்று என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தாலே போதும், அட்டையை நிரப்பித் தபாலில் போட்டுவிடலாம். உறுதியாகத் தெரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் அமர்ந்து அவற்றைப் பிரித்து, எந்த ஊரிலிருந்து எது அதிகமாக வருகிறது என்று பார்ப்பார். ஒரே ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் மாவட்டச் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போகும், ஆட்கள் இறங்குவார்கள். அப்புறம், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மாதாமாதம் ஒரு சிறு இதழ் அச்சடித்து, அட்டை போட்ட டாக்டர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். என்ன வந்தது, எங்கே வந்தது, என்ன செய்தோம் என்று.

தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்கு ஒரு நாளைக்கு எண்பது நோயாளி. அவர் ஏன் மெனக்கெட்டு அட்டை நிரப்பவேண்டும்? நிரப்பியதற்குப் பதில் வந்தது, அதனால் நிரப்பினார். தன் அட்டையால் பக்கத்து ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குக் குளோரின் போட்டார்கள் என்று தெரிந்தால் அடுத்த மாதமும் அவர் கை தானாக அட்டையைத் தேடும். இதை 1998-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஆண்டுச் செலவு, தலைக்கு ஒரு அமெரிக்க சென்ட்டுக்கும் குறைவு. பத்து வருடம் ஒருவருக்கு இதைச் செய்தாலும் ஒரு டீக் காசு தேறாது. இந்த மாதிரியைப் பார்த்து 1990களின் கடைசியில் கேரளத்தின் கோட்டயத்தில் தொடங்கினார்கள். 2004-ல் உலக வங்கிக் கடனுதவியோடு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் என்று நாடு முழுக்க வந்தது. அதற்கு எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள். சுகாதாரப் பணியாளர் நிரப்புவது எஸ், டாக்டர் நிரப்புவது பி, ஆய்வகம் நிரப்புவது எல். 2021 முதல் எல்லாம் ஐ.எச்.ஐ.பி. என்ற இணையதளத்தில்.

தொழில்நுட்பம் அட்டையிலிருந்து இணையதளத்துக்கு வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் எனக்குத் தெரிந்த தனியார் டாக்டர்கள் சிலரிடம் கேட்டேன், பதிவு போடுகிறீர்களா என்று. ஒரு அம்மா சொன்னார்: "போடுவேம்மா, டெங்குன்னா போட்டே ஆகணும். ஆனா போட்டதுக்கப்புறம் ஒரு போன் கிடையாது, ஒரு லெட்டர் கிடையாது. நான் போட்டது யாருக்காவது போய்ச் சேந்துச்சானே தெரியல." அவரிடம் குறை காண எனக்கு மனம் வரவில்லை. அந்த மாத இதழை அச்சடிக்கவும் பதில் எழுதவும் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். திட்டங்களில் முதலில் வெட்டுவது அந்த ஆளைத்தான்.

வேலூரைப் பற்றிப் பேசும்போது 1986-ஐ விட முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா, அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். இந்தியாவில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம் என்பது சுனிதியின் யோசனை. இங்கே அதெல்லாம் வராது என்றுதான் அன்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. நிர்மலா மூன்று மாதத்தில் 80 பேரிடம் ரத்தம் எடுத்தார், கையுறைகூட இல்லாமல். பிரித்த சீரத்தை வைத்தது அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில். சென்னையில் எலைசா வசதி இல்லாததால் கணவரோடு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோவில் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு குழிகள் மஞ்சளாயின, அதாவது ஆறு பேருக்குத் தொற்று. அமெரிக்காவில் மறுபடி சோதித்து உறுதியானதும், மே மாதம் சட்டமன்றத்தில் அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான், ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேட்டுக்காக.

இந்தக் கதையை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கும் பெருமைதான், அந்த இரண்டு பெண்களை நினைத்தால் கண் கலங்கும். ஆனால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நோயாளிகளின் ரத்தத்தை வைக்கவேண்டி வந்தது தியாகமாகப் பேசப்படக் கூடாது. அவருக்கு ஒரு ஃப்ரீசரும் ஒரு பெட்டி கையுறையும் கொடுத்திருக்க வேண்டும். சின்னதோ பெரியதோ, எந்த ஆராய்ச்சிக்கும் விண்ணப்பம் போடும்போது "இங்கே அந்த நோயே இல்லையே, எதற்குத் தேடுகிறீர்கள்" என்று கேட்பார்கள். தேடாமல் எப்படி இல்லை என்று தெரியும்?

ஸ்க்ரப் டைஃபஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் எங்கள் பக்கம் வருகிற காய்ச்சல். புதர், புல், வரப்பு ஓரம் இருக்கிற ஒரு பூச்சியின் கண்ணுக்கே தெரியாத குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் பல பேருக்கு ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், சிகரெட்டால் சுட்டது மாதிரி, சுற்றிலும் சிவந்து. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் பாவாடை நாடா கட்டுகிற இடம், இங்கேதான் ஒளிந்திருக்கும். துணியை விலக்கிப் பார்க்கிற டாக்டர், அதிலும் பெண்களுக்குப் பார்க்க ஒரு நர்ஸ், இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். மருந்து டாக்சிசைக்ளின், மலிவான மாத்திரை. பிடிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய் ஆளையே கொல்லும். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பி, ஏழாம் நாள் மூச்சுத் திணறலோடு வந்து சேர்ந்தவர்களின் ரத்தத்தை நான் சோதித்திருக்கிறேன்.

இது எத்தனை பேருக்கு வருகிறது என்ற சாதாரணக் கேள்விக்கே பதில் சமீபத்தில்தான் கிடைத்தது. சி.எம்.சி.யும் லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் சேர்ந்து, தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டவர்களை, சில வாரங்களுக்கு ஒருமுறை வீடு தேடிப் போய், காய்ச்சல் வந்ததா என்று கேட்டுக் கேட்டு இரண்டு வருடம் தொடர்ந்தார்கள். வருடத்துக்குப் பத்தில் ஒருவர் வரைக்கும் இந்தத் தொற்று ஏற்படுகிறது என்று 2025-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது, சிலருக்கு உயிர் போகிறது. நினைத்துப் பாருங்கள், வெயிலில் வீடு வீடாகப் போய் "உடம்பு எப்படி இருக்குக்கா" என்று கேட்ட பெண்களின் சம்பளம்தான் அந்த ஆய்வின் உயிர். தீவிரமான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் பலன் அதிகம் என்று 2023-ல் நிரூபித்ததும் வேலூர் தலைமையில் நடந்த இந்திய ஆய்வுதான். 

இன்னொரு பக்கம் குரங்குக் காய்ச்சல். 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழ, ஊர்க்காரர்களுக்கும் காய்ச்சல் வந்தபோது, புனேயில் ஐந்து வருடம் முன்புதான் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து தொடங்கியிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம் உடனே ஆட்களை அனுப்பிப் புது வைரஸையே பிடித்துவிட்டது. கண்டுபிடிப்பில் அத்தனை வேகம். ஆனால் அறுபது வருடத்துக்கு மேலாகியும் அதற்கு நம்பகமான தடுப்பூசி கையில் இல்லை. இருந்த பழைய தடுப்பூசியும் வீரியம் போதாமல் நின்றுவிட்டது. விறகுக்கும் மாடு மேய்க்கவும் பாக்குத் தோட்ட வேலைக்கும் போகிறவர்களின் நோய் அது. அவர்களுக்காகச் செலவழிக்க எந்தக் கம்பெனியும் வராது, அரசுதான் செய்யவேண்டும்.

அரசு செய்யாமலும் இல்லை. 2021-ல் 64,180 கோடி ரூபாயில் ஒன்றிய அரசு சுகாதார உள்கட்டமைப்புத் திட்டம் கொண்டுவந்தது, மாவட்டந்தோறும் பொதுச் சுகாதார ஆய்வகம் அதில் உண்டு. தமிழ்நாடு அதே வருடம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் சொந்தமாக மரபணு வரிசை ஆய்வகம் தொடங்கியது. 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாநிலம் இது, பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமே வைத்திருக்கிறோம். அஸ்திவாரம் இருக்கிறது. ஆனால் 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கிய ஏறக்குறைய ஒரு லட்சம் கோடியில் சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு 3,900 கோடி. நூற்றுக்கு நாலு ரூபாய். அந்த நாலு ரூபாயில்தான் புற்றுநோய், சர்க்கரை, காசநோய் எல்லாமே.

அதனால் கூடுதல் பணம் வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைவிட அவசரமாக எனக்குப் படுவது, வருகிற பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்பது. கட்டடம், இயந்திரம் என்ற தலைப்பில் வந்தால் ரிப்பன் வெட்டலாம். கிட் தீரும் முன்பே அடுத்த கிட், நாலே சாம்பிளானாலும் அன்றைக்கே ஓட்டு என்ற உத்தரவு, நிரந்தரப் பணியிடத்தில் மைக்ரோபயாலஜிஸ்ட், நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராய மாவட்டத்துக்கு ஒரு எபிடெமியாலஜிஸ்ட், பதிவு போட்ட டாக்டருக்கு மாதாமாதம் பதில், இவையெல்லாம் ஒரு வருடத்துக்குக் கொடுத்து நிறுத்துகிற செலவு இல்லை, ஊர் அமைதியாக இருக்கிற வருடத்திலும் கொடுக்கவேண்டிய செலவு.

ஒவ்வொரு வருடமும் மானியக் கோரிக்கையின்போது நம் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வரும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். இந்த முறை அதில் புதுக் கட்டடங்களின் பட்டியலைத் தாண்டி, பொதுச் சுகாதார ஆய்வகங்கள் பகுதியைப் படியுங்கள். உங்கள் மாவட்டத்தில் எபிடெமியாலஜிஸ்ட், மைக்ரோபயாலஜிஸ்ட் இடங்கள் எத்தனை, எத்தனை காலி, மாதிரி வந்த நாளுக்கும் முடிவு சொன்ன நாளுக்கும் சராசரி இடைவெளி எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய்தான் கட்டணம். எங்கள் மாவட்டத்துக்கு நான் மனுவை எழுதி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை அனுப்புகிறேன். பதில் வந்ததும் அப்படியே இங்கே போடுகிறேன். நீங்களும் உங்கள் மாவட்டத்துப் பதிலை அனுப்பினால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.